கபாலமும் கைபேசியும்

முகூர்த்த நாள் நெருங்கினால் காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளில் ஒரு புதுச் சடங்கு நடக்கிறது. கூறைப்புடவைக்கு விலை படிந்து, குடும்பம் மொத்தமும் கல்லாவுக்கு எதிரே கூடி நிற்கும். வீட்டுப் பெரியவர் சட்டைப் பையிலிருந்து தன் ஆறே முக்கால் அங்குலப் பலகையை உருவி, க்யூஆர் அட்டைக்குத் தீபாராதனை காட்டுவதுபோல் நீட்டி, தொகையைச் சைபர் சைபராகச் சரிபார்த்து, ரகசிய எண்ணின் கடைசி இலக்கத்துக்கு விரலைக் கொண்டுபோவார். அந்த நொடி பார்த்துப் பலகை முழுவதும் சம்பந்தியின் முகம் எழும். பணம் கட்டும் திரை போன இடம் தெரியாது. சிவப்பை அழுத்தினால் சம்பந்தி கோபித்துக்கொள்வார். பச்சையை அழுத்தினால் பின்னால் நிற்கும் வரிசை கோபித்துக்கொள்ளும். பெரியவர் இரண்டுக்கும் நடுவில் எதையோ அழுத்துவார். அதன்பிறகு கடைக்காரர், குடும்பம், வரிசை எல்லோரும் கல்லாமேல் இருக்கும் பேசும் பெட்டியை, அசரீரிக்குக் காத்திருக்கும் புராணப் பாத்திரங்கள்போல, உற்றுப் பார்ப்பார்கள். பெட்டி வாயைத் திறக்காது. பணம் போயிற்றா போகவில்லையா என்று பட்டிமன்றம் தொடங்கும். இந்த வாரமும் தொடங்கியது. எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் எனக்கே இது அற்பமாகத் தெரியும்.

கேள்வி இதுதான்: சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் இன்டர்நெட் பலகை, தொலைபேசியாகவும் இருந்தே ஆக வேண்டுமா? வேண்டாம் என்பது என் கட்சி. கட்சியில் இப்போதைக்கு ஒரே உறுப்பினர்தான், பொருளாளரும் நானே. பதினைந்து வருஷம் முன்னாலேயே உலகம் தீர்ப்புச் சொல்லி முடித்த வழக்கை இப்போது வந்து மேல்முறையீடு செய்கிறாயே என்று கேட்பார்கள். காஞ்சிபுரத்துக்குத் தாமதம் ஒரு குறையல்ல. அத்தி வரதர் 1979க்குப் பிறகு 2019இல்தான் குளத்தைவிட்டு எழுந்தருளினார். 48 நாள் தரிசனம் தந்துவிட்டு மறுபடி அனந்தசரஸில் இறங்கினார். அடுத்தது 2059. நாற்பது வருஷம் எந்த அழைப்பையும் எடுக்காத பெருமாளுக்குத்தான் அத்தனை கூட்டம். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு பதினைந்து வருஷத் தாமதத்துக்கு வெட்கப்படுவதாக இல்லை. இன்னொன்று: சட்டைப் பையின் அளவைப் பற்றி முக்கியமான கருத்து ஒன்று வைத்திருக்கிறேன். வழக்கையே முடித்துவைக்கும் கருத்து அது. கடைசியில் சொல்கிறேன்.

கதை எங்கோ தூரதேசத்தில் நடந்ததல்ல. 2005 நவம்பரில் நோக்கியா கம்பெனி 770 என்று ஒரு சாமானை விற்பனைக்கு விட்டது. இன்டர்நெட் டேப்லெட் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். 4.1 அங்குலத் திரை, 800க்கு 480 புள்ளிகள். அந்தக் காலத்துக்கு அது கண்ணாடி மாளிகை. உலகத்துக்கெல்லாம் போன் செய்து கொடுத்த கம்பெனி, தன் பலகைக்குள் போனை வைக்கவில்லை. இணையம் வேண்டுமா, வைஃபை இருக்கும் இடத்துக்குப் போ; இல்லாவிட்டால் பையில் கிடக்கும் உன் போனோடு ப்ளூடூத்தில் கைகோத்துக்கொள் என்று சொல்லிவிட்டது. 2007இல் என்800 வந்தது. அதே ஆண்டு விசைப்பலகையும் ஜிபிஎஸ்ஸும் சேர்த்து என்810 வந்தது. இரண்டிலும் சிம் கிடையாது. இவை வந்துகொண்டிருந்த காலத்தில்தான், 2006இல், நம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை ஓடத் தொடங்கியது. அங்கிருந்து லாரி லாரியாகப் போனது பலகை அல்ல, போன். அதாவது ஒரே கம்பெனி, போனைப் போனாகவும் பலகையைப் பலகையாகவும் வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. பிறகு 2009இல் யாரோ மனத்தைக் கலைத்தார்கள். என்900 வந்தது, உள்ளே சிம். நடந்தது என்ன? 4.1 அங்குலமாக இருந்த திரை 3.5 ஆகச் சுருங்கியது. வாய் வைத்ததும் கண் சிறுத்துப்போயிற்று. 2014இல் போன் வியாபாரமே மைக்ரோசாஃப்ட்டுக்குக் கைமாறியது. வரித் தகராறில் மாட்டியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. பலகைக்குள் போனைச் செருகியதால்தான் ஆலை மூடியது என்று நான் சொல்லவில்லை. சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆதாரம் இல்லை.

திரை சுருங்கியதா, இன்றைக்குப் போன்களே ஆறே முக்கால் அங்குலம் இருக்கின்றனவே என்று எதிர்க்கட்சி எழும். சரியான கேள்விதான். ஆனால் அது என் பக்கத்துச் சாட்சி. உறையோடு சேர்த்து 770இன் எடை 230 கிராம். ஐபோன் 14 ப்ரோ மேக்ஸ் 240 கிராம். அன்றைக்குப் போன் என்று சொல்லக் கூச்சப்பட்ட பலகையைவிட இன்றைக்குப் போன் என்று விற்பது பாரமாக இருக்கிறது. அப்படியென்றால் பலகை போனாக மாறவில்லை. போன்தான் செத்து, அதன் பெயரில் பலகை ரேஷன் வாங்கிக்கொண்டிருக்கிறது. நாள் முழுக்க அதில் நடப்பது என்ன? படம் பார்ப்பது, செய்தி தள்ளுவது, பணம் கட்டுவது, காலை வணக்கத்தோடு ரோஜாப்பூ அனுப்புவது. பேசுவது அதில் ஒரு மூலைத் திண்ணை. அந்தத் திண்ணையில் ஒண்டியிருப்பவருக்கு மட்டும் ஒரு விசேஷ உரிமை: அவர் வாயைத் திறந்தால் வீட்டிலுள்ள அத்தனை பேரும் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுந்து நிற்க வேண்டும். என் கோபம் அந்த உரிமைமேல்.

நம் நாடு இதை இரண்டு விதமாகவும் முயன்று பார்த்ததுதான். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பெங்களூருப் பேராசிரியர்களும் பொறியாளர்களும் சேர்ந்து சிம்ப்யூட்டர் என்று உள்ளங்கையில் அடங்கும் கணினி ஒன்றைச் செய்தார்கள். 2004இல் கடைக்கு வந்தது. ஆளுக்கொரு ஸ்மார்ட் அட்டை, ஊருக்கு ஒரு கருவி, யார் அட்டையைச் செருகுகிறாரோ அவர் கணக்கு திறக்கும் என்பது அதன் எண்ணம். ஊர் பூராவும் பகிர்ந்துகொள்ளலாம் என்று அவர்களுக்குத் தோன்ற முடிந்ததே அது போன் இல்லை என்பதால்தான். இன்றைக்குக் கட்டின மனைவியிடம் ஐந்து நிமிஷம் பலகையைக் கொடுக்கச் சொல்லுங்கள், பார்க்கலாம். 2011 அக்டோபரில் மத்திய அரசு மாணவர்களுக்கென்று ஆகாஷ் டேப்லெட்டை வெளியிட்டது. ஏழு அங்குலம், அழைக்கும் வசதி இல்லை. அதையே கடையில் விற்க யுபிஸ்லேட் 7+ என்று 2,999 ரூபாய்க்கு அறிவித்தபோது, சிம் போட்டுப் பேசலாம் என்பதுதான் கூடுதல் கவர்ச்சி. படிக்கிற பிள்ளைக்கு வேண்டாத வாய், காசு கொடுக்கிற அப்பாவுக்கு வேண்டியிருந்தது. அதற்கு ஒரு வருஷம் முன்பு வந்த சாம்சங் கேலக்ஸி டேப்பும் ஏழு அங்குலம்தான், 380 கிராம். அமெரிக்காவில் விற்றதில் பேச முடியாது. இங்கே விற்றதில் பேசலாம். கோலம் போட வைத்திருந்த மணையைத் தூக்கிக் கன்னத்தில் அணைத்ததுபோல் ஆட்கள் தெருவில் நின்று கத்தினார்கள். ஆப்பிளோ ஐபேடுக்குள் சிம் போட இடம் கொடுத்துவிட்டு, எண்ணைச் சுழற்றிப் பேசும் உரிமையை மட்டும் மறுத்துவிட்டது. ஆக, பலகைக்கு வாய் இருக்க வேண்டும் என்பது இயற்கையின் விதி அல்ல. விற்கிறவர் ஊருக்கு ஊர் செய்த முடிவு.

இந்த இடத்தில் நம் ஊர் ராஜா ஒருவரைச் சாட்சிக்கு அழைக்கிறேன். பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன், 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மத்தவிலாசம் என்று சமஸ்கிருதத்தில் ஓரங்க நாடகம் எழுதினான். கதை நடப்பது காஞ்சியில். கதாநாயகன் சத்தியசோமன் என்கிற காபாலிகன், எந்நேரமும் போதை. அவனிடம் ஒரே ஒரு சாமான்: மண்டையோட்டுக் கலயம். பிச்சை வாங்குவது அதில், கறி வைத்துக்கொள்வது அதில், கள் குடிப்பது அதில். அதைவிட, அது கையில் இருப்பதால்தான் அவன் காபாலிகன். அதுவே அவனுடைய ஆதார் அட்டை, பான் அட்டை, வாக்காளர் அட்டை. ஒருநாள் அது காணாமல் போகிறது. நாடகம் முழுக்க நடப்பது இவ்வளவுதான். ஒரு மனிதன் தன் ஆல் இன் ஒன்னைத் தொலைத்துவிட்டு ஊரெல்லாம் புலம்புகிறான். பதினான்கு நூற்றாண்டுக்கு முன்பே இந்தக் கட்டுரையை ஒரு ராஜா எழுதிவிட்டான், அதுவும் என்னைவிட நன்றாக. கலயம் போனதும் அவனுக்குப் போனது ஒரு பாத்திரமா? சாப்பாடு போயிற்று, குடி போயிற்று, வருமானம் போயிற்று, பட்டம் போயிற்று. அகப்பட்ட பௌத்தத் துறவி ஒருவரைப் பிடித்து உன் சீவர ஆடைக்குள் ஒளித்து வைத்திருப்பது என் கலயம்தான் என்று மல்லுக்கு நிற்கிறான். பலகை தொலைந்தவர் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்க்கும் பார்வை உண்டே, அதே பார்வை. பஞ்சாயத்துக்கு ஒரு பாசுபதன் வருகிறான். வழக்கு தீராமல் இன்னும் சிக்கலாகிறது. இதுவும் நமக்குப் பழக்கமான காட்சிதான். உண்மையில் கலயத்தைத் தூக்கிப் போனது ஒரு நாய், உள்ளே கறி இருந்ததால். இதை நிதானமாக யோசிக்க வேண்டும். வெறும் கலயமாக இருந்திருந்தால் நாய் திரும்பிப் பார்த்திருக்காது. எல்லாம் அதில் இருந்ததால்தான் அது திருடத் தகுந்ததாயிற்று. வெறும் பட்டன் போனை இன்றைக்கு எந்தத் திருடன் தொடுகிறான்? பயணிகள் மேல்தட்டில் மறந்துவிட்டுப் போனால் நடத்துநரே ஓடிவந்து கொடுக்கிறார். வங்கி, ஆதார், புகைப்படம், வீட்டுப் பத்திரத்தின் நகல் எல்லாம் ஏறிய பலகைக்குத்தான் நாய்கள் அலைகின்றன. சத்தியசோமனாவது பரவாயில்லை, கலயம் கிடைக்கும்வரை ஒரு மாட்டுக் கொம்பில் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆபத்துக்கு ஒரு வழி அவனுக்கு இருந்தது. நமக்கு? பலகை தொலைந்தால் அதை முடக்க அரசாங்கம் இணையதளம் வைத்திருக்கிறது. 2023இலிருந்து நாடு முழுவதும் நடப்பில் இருக்கிறது, நல்ல ஏற்பாடு. அதில் புகார் பதியக் கைபேசி எண் கொடுக்க வேண்டும். அந்த எண்ணுக்கு ஓடிபி வரும். தொலைந்ததைச் சொல்வதற்கே தொலைந்ததைப் போல இன்னொன்று வேண்டும். கொம்பு வைத்திருந்தவன் குடிகாரன் என்கிறோம். கொம்பும் இல்லாமல் கிளம்புகிற நம்மை என்னவென்று சொல்வது? மகேந்திரன் நாடகத்தில் கடைசியில் ஒரு பைத்தியக்காரன்தான் நாயிடமிருந்து பிடுங்கிக் கலயத்தைக் கொண்டுவருகிறான். நம் கதையில் அந்தப் பாத்திரம் இன்னும் மேடைக்கு வரவில்லை. நான் வந்திருக்கிறேன் என்று வாசகர்களில் சிலர் நினைக்கலாம்.

நாடகத்தை விட்டுவிட்டு வேலைக்கு வருவோம். இரண்டு வேறு பொருளை எப்படிச் சேர்ப்பது என்பதில் இந்த ஊருக்கு ஒரு கருத்து உண்டு. அதன்மேல்தான் ஊரே நிற்கிறது. 2005-06இல் புவிசார் குறியீடு வாங்கிய காஞ்சிப் பட்டின் பெருமை, உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்பது. உடலையும் கரையையும் ஒரே நாடாவில் ஓட்டி நெய்துவிட்டால் வேலை சுலபம். ஆனால் அரக்கும் பச்சையும் ஒன்றில் ஒன்று கலந்து, அரக்காகவும் இல்லாமல் பச்சையாகவும் இல்லாமல் நிற்கும். அதனால் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓடுகிறது: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. ஒருவரால் ஆகாது, துணைக்கு ஓர் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். உடல் ஊடையும் கரை ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றை ஒன்று கோத்துப் பிடித்துக்கொண்டு, அவரவர் பக்கம் திரும்பிப் போய்விடும். முந்தானையை உடலோடு சேர்ப்பதற்குப் பிட்னி என்று தனியாக ஒரு வித்தை. உடல் நைந்தாலும் கரை பிரியாது என்று சொல்லித்தான் பாட்டிமார்கள் இந்தச் சேலையை வாங்கினார்கள். அவை பிரியாததற்குக் காரணம் கலந்ததல்ல, கோத்தது. 770 செய்ததும் இதைத்தான். போன் தன் வேலையைச் செய்தது, பலகை தன் வேலையைச் செய்தது, நடுவே ப்ளூடூத் என்று ஒரு கோர்வை. என்900இல் தொடங்கி இன்றுவரை நடப்பது ஒற்றை நாடா ஓட்டு. கரையின் சிவப்பு உடலுக்குள் சொட்டுகிறது. நல்ல திரையில் சம்பந்தி எழுகிறார்.

கம்ப்யூட்டர் விஷயத்தில் தறிக்காரரை உதாரணம் காட்டுவதா என்று சிலர் உதட்டைப் பிதுக்கலாம். தறிமேல் தொங்கும் ஜக்கார்டு அட்டைகளைப் பார்த்துவிட்டுப் பிதுக்கட்டும். 1804இல் ஜக்கார்டு பூர்த்திசெய்த அந்த ஓட்டை அட்டையைத்தான் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்குக் கடன் வாங்கினார். கம்ப்யூட்டர் அப்புறம் வந்த தம்பி. அண்ணன் தறிமேல் தொங்கிக்கொண்டு கொடிப்பூவும் அன்னமும் கணக்குப் பிசகாமல் எடுத்துக் கொடுக்கிறான். நடுவில் ஒருமுறைகூட மணியடித்து, கடன் வேண்டுமா சார் என்று கேட்டதில்லை.

இப்போது உள்ளூர் எதிர்ப்பு. வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியை மறந்துவிட்டாயா என்பார்கள். குடலையில் மந்தாரை இலை வைத்து, மாவிலேயே மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் போட்டு அவித்த இட்லி. தொட்டுக்கொள்ள எதுவும் தேவையில்லை, எல்லாம் உள்ளே இருக்கிறது. ஆல் இன் ஒன்னுக்குப் பெருமாளே சாட்சி என்பார்கள். பிரசாதத்தோடு நான் வாதாடுவதில்லை. ஆனால் அதே இட்லியை ஹோட்டலில் கேட்பவர், முதல் விள்ளலை வாயில் போடுமுன் கேட்கிற இரண்டாவது கேள்வி, சட்னி எங்கே? பக்கத்தில் சாம்பார் வாளியும் வந்துவிடும். உள்ளே எல்லாம் இருந்தும் வெளியே தனித்தனியாகவும் வேண்டியிருக்கிறது. அடுத்து பாட்டியின் சுருக்குப் பையைக் கொண்டுவருவார்கள். வெற்றிலை, பாக்கு, சில்லறை, பெட்டிச் சாவி எல்லாம் ஒரே இடத்தில் இருந்ததே? இருந்தது. ஆனால் அது பை. வெற்றிலை வாடினால் சாவி வாடாது. சாவியைத் திருப்பும்போது பாக்கு குறுக்கே வந்து, இப்போது என்னை மெல்லு, இல்லாவிட்டால் பெட்டி திறக்காது என்று சொல்லாது.

கடினமான எதிர்ப்பு இனிமேல்தான். 2016இல் யூபிஐ வந்த நாள் முதல், பணம் கட்டும் செயலி உங்கள் கருவியை அடையாளம் காண்பது அதில் இருக்கும் சிம்மை வைத்துத்தான். முதல் பதிவின்போது அந்தக் கருவியிலிருந்தே ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும். சிம் இல்லாத பலகையால் வெற்றிலைக்குக்கூடக் காசு கட்ட முடியாது. ஆகவே பலகை போனாக இருந்தே தீர வேண்டும் என்கிறார்கள். கவனித்தால், இந்த வாதத்துக்கு வேண்டியது சிம் மட்டும், மணி அல்ல. ஒரு குறுஞ்செய்தி அனுப்பத் தெரிந்த ஊமைச் சிம் போதும். அப்படி ஒன்று சாத்தியமா என்று கேட்பவர்கள் கல்லாமேல் இருக்கும் அந்தப் பேசும் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும். உள்ளே சிம் இருக்கிறது. ஆனால் அதற்கு யாரும் போன் போட்டுச் சம்பந்தம் பேச முடியாது. 2019 வாக்கில் அந்தப் பெட்டி வந்ததற்குக் காரணமே கடைக்காரரின் கை. பூ கட்டுகிற கை, புடவை மடிக்கிற கை, ஒவ்வொரு ஐம்பது ரூபாய்க்கும் பலகையை எடுத்துக் குறுஞ்செய்தி பார்க்க முடியுமா? அதனால் வணிகர்கள் சத்தமில்லாமல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பணம் வந்ததைச் சொல்லும் வாயைப் பலகையிலிருந்து வெட்டியெடுத்துத் தனிப் பெட்டியில் வைத்தார்கள். கச்சபேஸ்வரர் கோயில் வாசல் பூக்கடை வரைக்கும் என் கட்சிக்குக் கிளை இருக்கிறது, அவர்களுக்குத்தான் தெரியாது. காதுக்குள் செருகும் மொட்டு என்ன? பேச்சு பலகையைவிட்டுக் கிளம்பிக் காதுக்குக் குடிபோய்விட்டதற்குச் சாட்சி. இன்னொரு பக்கம், 2022 மார்ச்சில் யூபிஐ 123பே என்று கொண்டுவந்தார்கள். இணையமே இல்லாத பட்டன் போனில் அழைத்துப் பேசியே பணம் கட்டலாம். போனுக்குப் பலகை வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே ஒப்புக்கொண்ட பிறகு, பலகைக்கு மட்டும் போன் வேண்டும் என்று அடம்பிடிப்பது என்ன நியாயம்?

ஏழைக்கு இரண்டு கருவியா என்ற எதிர்ப்புக்கு மட்டும் நான் சிரித்துப் பதில் சொல்லப் போவதில்லை. பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் ஒருவருக்கு டிசைன் வருவது வாட்ஸ்அப்பில், மாஸ்டர் வீவர் கூப்பிடுவது போனில், பெண்ணின் ஆன்லைன் பாடம் வந்ததும் அதே கருவியில். ஒன்றுக்கே மாதத் தவணை கட்டுகிறவரிடம் போய், கோர்வை முறைப்படி இரண்டாக வாங்குங்கள் ஐயா என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. அங்கே என் வாதம் தோற்கிறது, தோற்கட்டும். ஆனாலும் ஒன்று. 2023இல் 999 ரூபாய்க்கு ஒரு பட்டன் போன் வந்தபோது, தொலைபேசிக்கு ஆகும் விலை உண்மையில் அவ்வளவுதான் என்று தெரிந்துபோயிற்று. மீதிப் பதினைந்தாயிரமும் பலகையின் விலை. எங்கள் வட்டாரத்து வீடுகளில் பாட்டிக்கு ஒரு பட்டன் போன் இன்னும் இருக்கிறது. நடுராத்திரி அவசரம் என்றால் எல்லோரும் அந்த எண்ணுக்குத்தான் அடிக்கிறார்கள், அதில் மட்டும்தான் சார்ஜ் இருக்கும் என்று. வசதி இல்லாதவர் ஒன்று வைத்திருக்கிறார், சரி. ஒன்றரை லட்சத்துக்கு ஒன்றே ஒன்று வாங்கி, அதிலேயே எல்லாவற்றையும் ஏற்றிவைத்துவிட்டுக் கல்லா முன்னால் வரிசையை நிறுத்துகிறாரே, அவருக்கு என்ன ஏழ்மை?

கோயில் விஷயமும் இருக்கிறது. தமிழகக் கோயில்களுக்குள் கைபேசி கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. காரணம் பேச்சு மட்டுமா? படம் எடுப்பதுதான் பெரிய காரணம். அது பலகையின் குற்றம். ஆனால் வாசலில் பிடுங்கி வைக்கப்படுவது போனும் சேர்த்து. உள்ளே பிரகாரத்தில் பாட்டி தொலைந்துபோனால் கூப்பிட வழியில்லை, ஏனென்றால் செல்ஃபி எடுத்த பாவத்துக்குத் தொலைபேசியும் சேர்ந்து ஜெயிலுக்குப் போயிருக்கிறது. கூட்டுக் குடும்பத்தில் ஒருவன் செய்த கடனுக்கு எல்லோர் தலையிலும் ஜப்தி. இத்தனைக்கும், அழைப்பு என்பதைத் தனி ஊழியமாக நடத்தியதில் காஞ்சிக்கு ஈடு கிடையாது. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமாநுஜருக்கு மனத்தில் சில சந்தேகங்கள். நேரே கேட்கவில்லை. பெருமாளுக்கு ஆலவட்டம் வீசிக்கொண்டிருந்த திருக்கச்சி நம்பிகளிடம் சொன்னார். நம்பிகள் கேட்டார், ஆறே வார்த்தையில் பதில் வந்தது என்பது சம்பிரதாயம். ஒரே ஒரு தொடர்பு, ஒரே ஒரு வேலை, ஆறு வார்த்தை. வீசுகிற விசிறி நின்றதாகக்கூடத் தகவல் இல்லை. இன்றைக்கு அதே ஸ்ரீபெரும்புதூரில் உலகத்துக்கு ஐபோன் பூட்டி அனுப்புகிறார்கள். ஆறு வார்த்தையில் முடித்துக்கொள்கிறவர் யார்?

சட்டைப் பை பாக்கி. அளவு கொடுத்துத் தைத்த சட்டையில் பை ஐந்து அங்குலம். பலகை ஆறே முக்கால். மிச்சம் வெளியே எட்டிப் பார்க்கும். செருப்பைக் கழற்றக் குனிந்தால் சரிந்து விழும் என்று ஒரு நீண்ட கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அதிலிருந்து பலகை எத்தனை அங்குலம் இருக்கலாம், போன் எத்தனை அங்குலம் இருக்கலாம் என்று அசைக்க முடியாத ஒரு முடிவும் பிறந்திருந்தது. எழுத உட்கார்ந்தபோது இடித்தது. இந்த ஊர் நெய்து உலகத்துக்கு உடுத்துவது ஆறு கெஜத் துணி. அதில் உடல் உண்டு, கரை உண்டு, முந்தானை உண்டு, ஜரிகை உண்டு, பை கிடையாது. பாக்கெட் டேப்லெட் என்று பெயர் வைத்த மகான்கள் ஜனத்தொகையில் பாதியைக் கணக்கில் எடுக்கவில்லை, நானும்தான் எடுக்கவில்லை. ஆகவே அந்தக் கருத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கட்சிப் பொருளாளருக்கும் தெரிவித்தாயிற்று.

இரண்டு கருவி என்றால் இரண்டு சார்ஜர் ஆகுமே என்பதுதான் எல்லோரும் கடைசியாகக் கேட்பது. கேட்கிறவர் பையில் ஏற்கெனவே ஒரு சார்ஜர், ஒரு பவர் பேங்க், இரண்டு வயர் இருக்கும். எந்தச் சுவரில் ஓட்டை இருக்கிறது என்று பார்த்துத்தான் ஹோட்டலில் மேஜையே பிடிப்பார். அழைப்புக்கென்று மட்டும் இருந்த பட்டன் போன் ஒருதரம் சார்ஜ் போட்டால் நாள்கணக்கில் கிடந்தது. திங்கட்கிழமை போட்டதை வியாழன்வரை மறந்துவிடலாம். ஸ்ரீபெரும்புதூரில் அதைச் செய்த அந்த நோக்கியா ஆலை சில ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. 2019இல் பின்லாந்துக்காரர்களான சால்காம்ப் அதை எடுத்துக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. இப்போது அங்கே சார்ஜர் செய்கிறார்கள்.